புல்லரிந்த கையும் பொறி பேணிய கையும்

புல்லை நீக்கும் தொழிலுக்குத் தமிழில் ஒரு சொல் அன்று, பல சொற்கள் உண்டு. அரிவாளால் பற்றி இழுப்பது அறுத்தல். மண்வெட்டியின் வாயை நிலத்தோடு ஒட்டிச் சீவுவது செதுக்குதல். வேரோடு எடுத்து எறிவது களைதல். அவ்வாறு எறியத் தக்கது எதுவோ அதுவே களை. இரண்டு அலகுகளுக்கிடையில் நுனியை மட்டும் நறுக்குவது கத்தரித்தல். நீண்ட கத்தியை ஓங்கி அடித்துத் தள்ளுவது வீசி வெட்டுதல். இவை ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல. அறுத்த புல் மாட்டுக்குத் தீனியாகும். செதுக்கிய இடம் வெறுந்தரையாகும். கத்தரித்த இடமோ பச்சைக் கம்பளமாகும். கருவி மாறினால் செயல் மாறுகிறது. செயல் மாறினால் நிலமும் மாறுகிறது.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானைச் சூழ்ந்த தோட்டங்களில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவந்த புல்வெட்டு வேலையின் வரலாற்றை இச்சொற்களைக் கொண்டே எழுதிவிடலாம். அவ்வரலாற்றின் முதற்பகுதி செதுக்குதல். பிற்பகுதியில் வருவது ஏறியமர்ந்து ஓட்டும் புல்வெட்டிப் பொறி. இவ்விரண்டுக்கும் இடையில் நின்றவர் தமிழ்த் தொழிலாளர். பொறியைக் கண்டவரின் பெயர் நூல்களில் உண்டு; அதைச் செய்து விற்ற நிறுவனங்களின் பெயரும் உண்டு. வெயிலிலும் மழையிலும் அதைப் பழுதுபார்த்து ஓடவைத்தவரின் பெயரை எந்த நூலும் சொல்வதில்லை. பேணியவரின் பக்கமிருந்து இவ்வரலாற்றைக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லாலானும் மண்வெட்டியும்

சிரம்பான் பகுதிக்குச் சுங்கை ஊஜோங் என்பது பழைய பெயர். ஈயச் சுரங்கமே அதன் முதற்செல்வம். 1880-களில் ஐரோப்பியர் இங்கே காப்பித் தோட்டங்களை அமைக்கத் தொடங்கினர். தாமஸ் ஹெஸ்லப் ஹில் என்பார் அமைத்த லின்சம் தோட்டம் அவற்றுள் குறிப்பிடத் தக்கது. 1891-இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து இருப்புப்பாதை திறக்கப்பட்டது. விளைபொருள் கடற்கரைக்குச் செல்லவும், கடல் கடந்து வந்த தொழிலாளர் தோட்டங்களுக்குச் செல்லவும் அதுவே வழியாயிற்று.

காப்பியின் விலை 1890-களின் இறுதியில் வீழ்ந்தது. அதே காலத்தில், 1896-இல், மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் ரப்பரை வாணிகப் பயிராக நட்டுக் காட்டினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் லாபு, லிங்கி, ரந்தாவ், சிலியாவ், மந்தின் ஆகிய இடங்களெங்கும் காடு அழிந்து ரப்பர் எழுந்தது.

மரம் வளர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். அந்த ஆறு ஆண்டுகளும் தோட்டத்தின் பகை புல்லே. அதிலும் பெரும்பகை லாலான். வாளின் விளிம்பு போன்ற இலை, வெண்மையான பூங்கதிர், காற்றில் பறந்து முளைக்கும் விதை, இவற்றுக்கெல்லாம் மேலாக, மண்ணுக்குள் கொடிபோல் ஓடும் கிழங்குத்தண்டு. தீ வைத்தால் இலை கருகும், தண்டு பிழைத்துக்கொள்ளும். வெட்டினால் வெட்டிய துண்டே புதிய செடியாகும். கோடையில் ஒரு பொறி விழுந்தால் இளமரங்களையும் சேர்த்து எரித்துவிடும்.

ஆகையால் அக்காலத் துரைமார் ஒரே முடிவுக்கு வந்தனர். மரத்தைத் தவிர எதுவும் முளைக்கக் கூடாது என்பதே அம்முடிவு. ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, மண்வெட்டியால் நிரை நிரையாகச் செதுக்கினர். செதுக்கி முடித்த நிரைக்குச் சில வாரங்களில் மீண்டும் திரும்பி வந்தனர். முற்றத்தைப் போல் வெறுமையாக இருக்கும் தோட்டமே நல்ல தோட்டம் எனப் பெயர் பெற்றது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, வெயில் ஏறும்வரை குனிந்து நின்ற உடல்களின் உழைப்பே அந்த வெறுமை.

அந்த வெறுமை பிழை என்பது பின்னர்த் தெரிந்தது. மலைச்சரிவில் மறைப்பின்றிக் கிடந்த மேல்மண்ணை மழை வாரிச் சென்றது. ஆறுகள் கலங்கித் தூர்ந்தன. 1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. மண்ணை மூடிக் காக்கும் பயறினக் கொடிகளை வளர்க்கும் முறை அக்காலத்தையொட்டிப் பரவலாயிற்று. பியூரேரியா, காலப்போகோனியம், சென்ட்ரோசீமா என்னும் கொடிகள் ரப்பர் நிரைகளுக்கிடையே படர்ந்தன. அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்த்தன; இலைகள் மழையின் அடியைத் தாங்கின. வேண்டாத புல்லை மட்டும் களைந்து வேண்டிய பசுமையை விட்டுவைக்கும் அறிவு, வெற்றுச் செதுக்கலின் இடத்துக்கு வந்தது.

நெசவாலையில் பிறந்த பொறி

தோட்டத்தில் புல் பகையாக இருந்த அதே நாளில், தோட்டத்துக்கு நடுவே இருந்த பங்களாவின் முன்னும், சிரம்பான் நகரின் திடலிலும், ஆங்கிலேயர் கூடிய மன்றங்களிலும் அதே புல் செல்லப்பிள்ளையாக இருந்தது. அங்கே அதை அழிக்க வேண்டுவதில்லை. அளவாகக் கத்தரிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு பொறி இங்கிலாந்திலிருந்து வந்தது.

அந்தப் பொறியின் பிறப்பு விந்தையானது. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஸ்ட்ரவுட் என்னும் ஊர் கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள ஆலைகளில், நெய்த துணியின் மேல் எழுந்து நிற்கும் மயிரைச் சமமாகக் கத்தரிக்க ஓர் உருளைப்பொறி இருந்தது. எட்வின் பியர்ட் படிங் என்னும் பொறிவினைஞர் அதைப் பார்த்தார். துணியின் மயிரைக் கத்தரிக்கும் உருளை நிலத்தின் புல்லையும் கத்தரிக்காதா என எண்ணினார். 1830 ஆகஸ்ட் 31-இல் தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஜான் ஃபெரபீ என்பவர் அவருக்குத் துணைநின்று பொறியைச் செய்யும் பொறுப்பை ஏற்றார். 1832-இல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று இப்பொறியைச் செய்யலாயிற்று.

படிங்கைப் பற்றிய மற்றொரு செய்தி இங்கே நினைக்கத் தக்கது. வாயின் அகலத்தைத் திருகு கொண்டு கூட்டிக் குறைக்கும் ஸ்பேனரை அமைத்தவர்களுள் அவரும் ஒருவராகப் போற்றப்படுகிறார். புல்வெட்டியைத் தந்த கையே அதன் மரையைத் தளர்த்தி இறுக்கும் கருவியையும் தந்தது! செய்தவனே பழுதையும் எண்ணிப் பார்த்தான் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

தம் பொறியை நாட்டுப்புறக் கனவான்கள் தாமே தள்ளி ஓட்டினால் அஃது அவர்களுக்குப் பொழுதுபோக்காகவும் உடற்பயிற்சியாகவும் அமையும் எனப் படிங் தம் காப்புரிமை விண்ணப்பத்தில் கருதினார். மலாயாவுக்கு அது வந்தபோது கனவான்கள் திண்ணையில் அமர்ந்தனர். பயிற்சி தோட்டக்காரனுக்கே கிடைத்தது.

பொறி பெரிதாகப் பெரிதாக மனிதக் கை போதவில்லை. 1842-இல் ஸ்காத்லாந்தின் அலெக்சாந்தர் ஷாங்க்ஸ் மட்டக்குதிரை இழுக்கும் பெரிய பொறியைச் செய்தார். குளம்பு பட்டுப் புல்தரை குழியாமலிருக்க, குதிரைக்குத் தோலுறை மாட்டும் வழக்கம் ஏற்பட்டது. இத்தகைய பெரும்பொறிகளின் பின்னால் ஓட்டுபவர் அமரும் இருக்கையும் நாளடைவில் வந்தது. ஏறியமர்ந்து ஓட்டும் புல்வெட்டியின் முன்னோடி அதுவே. 1893-இல் லங்காஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர் நீராவிப் புல்வெட்டிக்கு உரிமை பெற்றார். நீர் கொதித்து ஆவி எழும்வரை காத்திருப்பதும், கனத்த எடையும் அதன் குறைகள். 1902-இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய புல்வெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. குதிரையும் ஓய்ந்தது, கொதிகலமும் ஓய்ந்தது.

திடலில் மரவள்ளி

மலாயாவில் இப்பொறிகளின் வாழ்வு 1942-இல் அறுந்தது. சப்பானியர் ஆட்சியில் கப்பல் வரவில்லை, பெட்ரோல் அரிதாயிற்று, உதிரிப்பாகம் என்பதே இல்லாமற்போயிற்று. பசி வந்தபோது அழகுக்கு இடமேது? மலாயாவெங்கும் புல்தரைகளும் விளையாட்டுத் திடல்களும் கொத்தப்பட்டு மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவருள் மிகப் பலர் திரும்பவேயில்லை. ஆள் குறைந்த தோட்டங்களில் லாலான் மீண்டும் தலைதூக்கியது. மண்வெட்டியை எடுக்கும் கை குறைந்தால் காடு எவ்வளவு விரைவில் திரும்பும் என்பதை அந்த மூன்றரை ஆண்டுகள் காட்டின.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் புல்வெட்டுக்கு வேறொரு பொருள் ஏற்பட்டது. சாலையோரத்துப் புதரும் உயர்ந்த புல்லும் துப்பாக்கி ஏந்தியவர் பதுங்கும் மறைவிடங்களாயின. சாலையின் இருமருங்கும் தோட்டத்து வேலியோரமும் வெட்டி வெளியாக்கப்பட்டன. அழகுக்காக வெட்டிய புல் உயிருக்காக வெட்டப்பட்டது.

கத்தரிப்பும் வீச்சும்

போருக்குப் பின் புல்வெட்டிப் பொறியின் வடிவமே மாறியது. படிங்கின் பொறியில் சுருளாக வளைந்த அலகுகள் ஓர் உருளையில் பொருந்தியிருக்கும். உருளை சுழலும்போது, கீழே அசையாது நிற்கும் தட்டை அலகோடு அவை உரசிப் புல்லைக் கத்தரிக்கும். துணிக் கத்தரிக்கோலின் தத்துவமே இது. வெட்டு நேர்த்தியாக இருக்கும். ஆனால் புல் உயரமாகவோ முரடாகவோ இருந்தால் உருளை திணறும். சிறு கல் அகப்பட்டாலும் அலகு பல்லாகிவிடும்.

புதிய பொறி வேறு வகையானது. தகட்டு மூடியின் அடியில் ஒரு நீண்ட அலகு, மின்விசிறி போலப் படுக்கையாகச் சுழலும். கீழே எதிரலகு கிடையாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் சுற்று என்னும் வேகமே புல்லைத் துணிக்கும். 1952-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் செய்த விக்டா பொறி இவ்வகையைப் பரப்பியவற்றுள் ஒன்று. 1953-இல் அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் நிறுவனம் இலேசான அலுமினிய எஞ்சினைக் கொணர்ந்தது. சிறு எஞ்சின் மலிந்தவுடன் ஏறியமர்ந்து ஓட்டும் பொறியும் சிறிதாயிற்று. 1963-இல் ஜான் டியர் நிறுவனம் தன் 110 என்னும் தோட்ட டிராக்டரை விற்பனைக்கு அனுப்பியது. ஒரு காலத்தில் மாளிகைக்கும் பெருந்திடலுக்கும் மட்டுமே உரியதாயிருந்த பொறி, இவ்வாறு சாதாரணத் திடலுக்கும் எட்டுவதாயிற்று.

முதலிற் கூறிய சொற்களை இங்கே நினைவுகூரலாம். உருளைப்பொறி செய்வது கத்தரித்தல். சுழலலகுப் பொறி செய்வது வீசி வெட்டுதல். பழைய பொறியைப் பழுதுபார்ப்பவன் முதலில் அறிய வேண்டிய வேறுபாடு இதுவே. கத்தரிப்பதற்குப் பொருத்தம் உயிர். வீசுவதற்குச் சமநிலை உயிர்.

உருளையும் கீழலகும் ஒரு தாளின் தடிப்பளவே விலகி நிற்க வேண்டும். தாளை இடையில் நீட்டி உருளையைக் கையால் திருப்பினால், கிழியாமல் நறுக்கென்று வெட்டுப்பட வேண்டும். மழுங்கியிருந்தால் அரைபசையைத் தடவி உருளையைப் பின்னோக்கிச் சுழற்றுவார்கள். இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று தீட்டிக்கொள்ளும். சுழலலகுக்கோ அரம் போதும். பழைய சரிவு மாறாமல் இருமுனையும் ஒரே அளவாகத் தீட்ட வேண்டும். பின் அலகின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்க்க வேண்டும். தராசுக்கோல் போல அது சமனாக நின்றால் நன்று. ஒரு பக்கம் சாய்ந்தால் கனத்த முனையை மேலும் அராவ வேண்டும். சமநிலை தவறிய அலகு பொறியையே உலுக்கித் தண்டின் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

பழைய பொறி கேட்பது

குளிர்நாட்டில் புல்வெட்டி ஆண்டில் சில மாதங்களே உழைக்கும். பனிக்காலத்தில் கொட்டகையில் உறங்கும். சிரம்பானில் பனிக்காலம் இல்லை. எல்லா மாதமும் மழை. எல்லா மாதமும் வெயில். எல்லா மாதமும் புல் வளரும். ஆகவே இங்குப் பொறிக்கு ஓய்வில்லை. முதுமை விரைந்து வருகிறது. அம்முதுமைக்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது துரு. ஈரப்புல்லை வெட்டினால் அது மூடியின் உட்புறத்தில் அப்பிக்கொண்டு, புளித்து, இரும்பை அரிக்கும். வேலை முடிந்தவுடன் மரக்கரண்டி கொண்டு அதைச் சுரண்டி எடுப்பது கால்மணி நேர வேலை. எடுக்காவிட்டால் மூடி சில ஆண்டுகளில் சல்லடையாகும்.

இரண்டாவது பழைய பெட்ரோல். விடுமுறையில் பொறி நிற்கும்போது தொட்டியில் விட்ட பெட்ரோல் ஆவியாகிக் கெட்டுப் பசைபோல் படியும். கார்புரேட்டரின் ஊசித்துளை அடைபடும். ஓடாத பழைய பொறிகளுள் பல, எஞ்சின் கெட்டதனால் ஓடாதவை அல்ல. இந்தத் துளை அடைந்ததனால் ஓடாதவை. துளையைத் துடைத்துப் புதிய எரிபொருள் ஊற்றினால் உயிர் வரும்.

மூன்றாவது தூசு. கோடையில் காய்ந்த தரையின் செம்மண் தூசு காற்று வடிகட்டியை அடைக்கும். வடிகட்டி கிழிந்திருந்தால் தூசு எஞ்சினுக்குள் புகுந்து, எண்ணெயோடு கலந்து, அரைபசையாகிப் பிஸ்டனைத் தேய்க்கும். அலகைக் கூராக்கும் பொருளே எஞ்சினைக் கொல்லும் பொருளாவது கவனிக்கத் தக்கது.

நான்காவது எண்ணெய்க் குறைவு. நான்கடி எஞ்சினில் எண்ணெய் இருப்பை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையேனும் பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்ற வேண்டும். பொறியைச் சரிவில் நிறுத்தி எண்ணெய் பார்ப்பவனை அளவுகோல் ஏமாற்றிவிடும்.

இவற்றோடு எஞ்சினிலிருந்து அலகுக்கு ஆற்றலைக் கடத்தும் வாரையும் சேர்க்க வேண்டும். வெடித்த வாரும், விளிம்பு தேய்ந்து பளபளக்கும் வாரும் வழுக்கும். எஞ்சின் முழங்கும், அலகு சோரும். பழக்கமில்லாதவன் எஞ்சினைக் குறை கூறுவான். பழகியவன் முதலில் வாரையே பார்ப்பான். அந்த வாரும் சக்கரத்தின் டயரும் ரப்பர் இனத்தவை என்பதை எண்ணினால், தோட்டத்து மரமே வேற்றுருவில் தோட்டத்துக்குத் திரும்பி வந்திருப்பது விளங்கும்.

ஓடாத பொறியிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் ஒழுங்கானவை. தீப்பொறி வருகிறதா? எரிபொருள் வருகிறதா? காற்று வருகிறதா? உள்ளே அழுத்தம் இருக்கிறதா? இவ்வரிசையில் கேட்பவன் ஒரு மணியில் குற்றத்தைக் காண்பான். வரிசையின்றிக் கழற்றுபவன் ஒரு நாள் முழுதும் கழற்றி, மாலையில் மிஞ்சிய மரைகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி உண்டு. அலகைத் தொடுமுன் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். நின்றிருக்கும் எஞ்சினும் அலகைத் திருப்பினால் ஒருமுறை துடிக்கக்கூடும். அந்த ஒரு துடிப்பு விரல்களைக் கொண்டுபோய்விடும்.

இவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்பட்டதன்று. ரப்பர் ஆலையின் எஞ்சினைப் பார்த்துக்கொண்டவரிடமிருந்தும், லாரியைப் பழுதுபார்த்தவரிடமிருந்தும் இளைஞர் கைப்பழக்கமாகவே கற்றனர். ஒலியைக் கேட்டு நோயைச் சொல்வதும், புகையின் நிறத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்வதும் ஒரு கல்வியே. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் மிகுந்ததைக் காட்டும். நாடி பார்க்கும் மருத்துவனின் அறிவுக்கு இது குறைந்ததன்று.

பொறியா, நஞ்சா?

ரப்பர் நிரைகளின் நடுவே ஏறியமர்ந்து ஓட்டும் பொறி எல்லா இடத்திலும் செல்லாது. மேடும் பள்ளமும், வேரும் கட்டையும் அதற்குத் தடை. ஆகவே தோட்ட நிர்வாகங்கள் மண்வெட்டிக்கு மாற்றாகத் தேடிக்கொண்டது பெரும்பாலும் பொறியை அன்று, மருந்தை. லாலானைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணம் தெளிக்கப்பட்டது. மனிதருக்கும் மாட்டுக்கும் அது நஞ்சு. 1960-களில் அதன் இடத்தைப் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி பிடித்தது. முதுகில் தகரப்பெட்டியைச் சுமந்து மருந்தடித்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தோல் வெந்ததும், நகம் உதிர்ந்ததும், மூக்கில் குருதி வடிந்ததும் அவர்கள் கண்ட கூலி. மலேசிய அரசு 2002-இல் பாராகுவாட்டைத் தடைசெய்ய முடிவு செய்தது. 2006-இல் அத்தடை தளர்ந்தது. இறுதியில் 2020 ஜனவரி முதல் நாள் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. முதுகில் நஞ்சைச் சுமந்த ஒரு தலைமுறைக்கு அது காலங்கடந்த நீதி.

இதை எண்ணும்போது, நன்கு பேணப்பட்ட ஒரு பழைய புல்வெட்டியின் மதிப்பு வேறாகத் தோன்றுகிறது. குழந்தைகள் ஓடி விழும் திடலில் மருந்தடிக்க மனம் துணியுமா? அங்கே அலகே ஏற்றது. அலகு புல்லை வாழவைத்து வெட்டுகிறது; மருந்து புல்லைக் கொன்று மண்ணையும் தொடுகிறது. செதுக்கிய வெறுந்தரையை மழை வாரிக்கொண்டு போனதைப் போலவே, மருந்தால் கருகிய தரையையும் மழை வாரும். வெட்டிய புல்தரையோ மண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும்.

பள்ளித் திடலில்

தோட்டங்களின் உரிமை பலமுறை கைமாறிற்று. 1950-களில் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. 1981 செப்டம்பரில் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனம் ஒரே காலைப்பொழுதில் மலேசியர் கைக்கு வந்தது. 2007-இல் கத்ரியும் கோல்டன் ஹோப்பும் சைம் டார்பியோடு இணைந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; சிரம்பானை அடுத்து அதுவும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயம் கலைந்தது. கோயிலும் பள்ளியும் மட்டும் பல இடங்களில் எஞ்சின.

நாட்டின் தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை பகுதி உதவி பெறுபவை. ஆசிரியர் ஊதியத்தை அரசு தரும். கட்டடத்தையும் திடலையும் பேணுவதில் பள்ளி வாரியமும் பெற்றோரும் தோள்கொடுக்க வேண்டும். திடலில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தால் விளையாட்டு நிற்கும், பாம்பு வரும், தேங்கிய நீரில் கொசு பெருகும். புதிய பொறி வாங்கப் பணம் இல்லாத இடத்தில் பழைய பொறி நாதியற்றுக் கொட்டகையில் கிடப்பதையும், அரிவாளோடு பெற்றோர் கூட்டுப்பணிக்கு வருவதையும் காணலாம். பொறி செத்துவிட்டது என்று கூறுவதற்கு முன் அந்த நான்கு கேள்விகளையும் எவரேனும் கேட்டனரா என்பதுதான் வினா.

பழுதுபார்த்தல் வறியவரின் கட்டாயம் என்று மட்டும் கருதுவது பிழை. அஃது ஒரு கல்விமுறை. தீப்பொறி, எரிபொருள், காற்று, அழுத்தம் என்னும் நான்கும் அறிவியல் பாடம். நெம்புகோலும் திருகும் வாரும் எந்திரவியல் பாடம். கழற்றியதைக் கழற்றிய வரிசையில் அடுக்கிவைப்பது ஒழுக்கப் பாடம். உருளை, அலகு, தண்டு, மரை, வார், அரம், மூடி என்னும் சொற்களோ தமிழ்ப் பாடம். கருவி கைவிடப்பட்டால் அதைச் சுற்றி வாழ்ந்த சொற்களும் கைவிடப்படுகின்றன. பிரட்டுக்களம் மறைந்தபின் அச்சொல்லைப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருப்பதை ஆசிரியர் அறிவர்.

பழையதையெல்லாம் காத்தே தீர வேண்டும் என்பது இதன் பொருளன்று. மூடி சல்லடையாகி, உருளைக்குழல் தேய்ந்து, உதிரிப்பாகமும் கிடைக்காத பொறிக்கு விடைகொடுப்பதே அறிவுடைமை. அப்பொழுதும் அதன் அலகும் மரையும் வாரும் மற்றொரு பொறிக்கு உதவும். எதைக் காப்பது, எதை விடுவது என்று அறிவதும் பேணுதலின் ஒரு பகுதியே.

திருக்குறளின் உழவு அதிகாரம், களை நீங்கிய பயிருக்கு நீரைக்காட்டிலும் காவலையே பெரிதாக வைக்கிறது. உழுவதும் விதைப்பதும் கண்ணுக்குத் தெரியும் செயல்கள். காத்தல் நாள்தோறும் நடப்பதாதலின் கண்ணுக்குத் தெரியாது. பொறியின் வரலாறும் அத்தகையதே. 1830-இல் ஒருவர் கண்டுபிடித்தார் என்பது ஒரு நாள் செய்தி. அதன்பின் ஒவ்வொரு நாளும் எவரோ அதற்கு எண்ணெய் விட்டனர், அலகு தீட்டினர், புல்லைச் சுரண்டினர். சிரம்பான் வட்டாரத் தோட்டங்களில் அந்த எவரோ பெரும்பாலும் தமிழர். மண்வெட்டியால் இந்நாட்டை வெளியாக்கிய கைகளின் வழிவந்த கைகள் அவை. அவற்றின் கைப்பழக்கத்தை முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பதும், பள்ளித் திடலின் பழைய பொறியை மாணவர் முன் ஒருமுறையேனும் கழற்றிப் பூட்டிக் காட்டுவதும் இன்று செய்யக்கூடிய பணிகள். அந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். நெடுநாள் இருப்பர் என்பதற்கு உறுதியில்லை.